டிரெய்லருக்குச் சக்கரமும் பிரேக்கும்: எதை முதலில் முடிவு செய்வது?

பழைய அச்சு ஒன்று கிடைக்கிறது. சட்டம் பற்றவைத்து, மேலே பலகையும் போட்டாயிற்று. கைக்குக் கிடைத்த சக்கரங்களை மாட்டி, வயலுக்குள் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தாயிற்று. பிரேக் என்ற ஒன்று அதற்கு அப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. அப்போது பார்த்தால் ரிம்முக்குள் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் உருளை) நுழையாது. பிரேக் தட்டை போல்ட் போட்டு இறுக்க அச்சில் இடமே இருக்காது. சக்கரம் பெரிதாக இருப்பதால், எப்படியோ மாட்டிய பிரேக்கும் பாதிதான் பிடிக்கும்.

என் முதல் டிரெய்லரை நான் இந்த வரிசையில்தான் செய்தேன். மூன்று டன் பாரத்தோடு ஈரமான இறக்கம் ஒன்றில் இறங்கும்போது டிராக்டரின் பிரேக்கை மிதித்தேன். டிராக்டரின் பின்சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. பின்னால் இருந்த பாரம் டிராக்டரை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனது. கீழே சமதரை இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து யார் டிரெய்லர் செய்யப் போவதாகச் சொன்னாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சக்கரமும் பிரேக்கும் ஒரே காகிதத்தில் இருக்கிறதா?

வரிசை இப்படி இருக்க வேண்டும். எவ்வளவு பாரம், எவ்வளவு வேகம், எவ்வளவு சரிவு என்று முதலில் எழுதுங்கள். அதிலிருந்து அச்சு, அச்சிலிருந்து சக்கரம், சக்கரத்திலிருந்து பிரேக். நடுவில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் திரும்பக் கணக்கிட வேண்டும்.

பிரேக் வேண்டுமா, வேண்டாமா

வேண்டாம் என்று சொல்லும் இடமும் உண்டு. ஒரு டன்னுக்குள் பாரம், சமமான நிலம், நடை வேகத்தைவிடச் சற்று அதிகம், ரோட்டுக்கே போகாத வண்டி என்றால் ஓடும்போது பிடிக்கும் பிரேக் இல்லாமலே காலம் தள்ளலாம். நிறுத்தி வைக்க ஒரு ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்துக்கு வைக்க இரண்டு முட்டுக் கட்டைகளும் மட்டும் கட்டாயம் வேண்டும். டிராக்டரைக் கழற்றிய பிறகு தானாக உருண்டு போகும் வண்டி, ஓடுகிற வண்டியைவிட ஆபத்தானது. அதைத் தடுக்க டிராக்டரில் ஆளே இருக்க மாட்டார்.

மற்ற எல்லோருக்கும் கணக்கு வேறு. வேகம் இரட்டித்தால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வண்டி சொன்னபடி நிற்கிறது என்பதை வைத்து 30 கி.மீ. வேகத்தில் நம்பக் கூடாது. ஒரு எடுத்துக்காட்டு: 2 டன் டிராக்டர் தனியாக 30 கி.மீ. வேகத்தில் போகும்போது நன்றாகப் பிரேக் பிடித்தால் சுமார் 9 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் பிரேக் இல்லாத 4 டன் டிரெய்லரை மாட்டினால், அதே பிரேக் இப்போது 6 டன்னை நிறுத்த வேண்டும். 9 மீட்டர் 27 மீட்டர் ஆகிவிடும். காலை எடுத்துப் பிரேக்கில் வைக்க ஒரு நொடி ஆனால் அதற்குள் இன்னொரு 8 மீட்டர் போய்விடும்.

இது சமதரைக் கணக்கு. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும் சரிவில், 4 டன் வண்டி கிட்டத்தட்ட 400 கிலோ விசையோடு டிராக்டரை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான டிராக்டர்களுக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். அந்த இரண்டு டயர்கள் தரையைப் பற்றும் அளவுக்குத்தான் பிரேக் பிடிக்கும், அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை.

சில டிராக்டர் கையேடுகள், பிரேக் இல்லாத வண்டியை 32 கி.மீ. வேகத்துக்கு மேல் இழுக்கக் கூடாது, பாரத்தோடு சேர்த்து அதன் எடை டிராக்டர் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது என்கின்றன. சரிவு இருக்கும் இடத்தில் இதுகூடத் தாராளமான வரம்பு என்பது என் கருத்து. டிராக்டரின் எடையை வண்டியின் மொத்த எடை எட்டும்போதே பிரேக் போட்டுவிட வேண்டும். ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள், அது நாட்டுக்கு நாடு மாறும்.

இங்கே இரண்டு சக்கர வண்டிக்கும் நான்கு சக்கர வண்டிக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு சக்கர வண்டியில் பாரத்தின் ஒரு பங்கு டிராக்டரின் கொக்கியில் உட்காரும், பின்டயர்களுக்கு அதனால் பிடி கூடும். முன்பக்கம் திரும்பும் நான்கு சக்கர வண்டி தன் பாரம் முழுவதையும் தானே சுமக்கிறது. ஏற்றி இறக்க அது மிகவும் வசதி. ஆனால் டிராக்டருக்கு எடை தராமல் தள்ள மட்டும் செய்யும். ஒரே பாரம் என்றால், நான்கு சக்கர வண்டிக்குத்தான் பிரேக் அவசரம்.

சக்கரம்: மூன்று வழிகள்

முதல் வழி, லாரியில் ஓடித் தேய்ந்த டயரும் ரிம்மும். பலருடைய கண் முதலில் போவது இதற்குத்தான். பாரம் தாங்கும், எங்கும் கிடைக்கும், பஞ்சர் ஒட்ட எல்லோருக்கும் தெரியும். குறை மண்ணில்தான் தெரியும். டயர் தரையை அழுத்தும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றழுத்தம்தான். 7 பார் (காற்றழுத்த அளவு) காற்று அடைத்த லாரி டயர் ஈர மண்ணில் கத்தி போல இறங்கும். அந்தத் தடத்தில் மண் இறுகி, அடுத்த பயிர் அங்கே மட்டும் குட்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டியான பாதையும் ரோடும் மட்டும்தான் என்றால் லாரி டயர் நல்ல தேர்வு.

லாரி ரிம்மில் ஒரு எச்சரிக்கையைத் தவிர்க்க முடியாது. பழைய 20 அங்குல ரிம்களில் டயரைப் பிடித்துக்கொள்ள தனி வளையம் ஒன்று பூட்டப்பட்டிருக்கும். அது துருப்பிடித்து, சரியாக உட்காராமல் இருக்கும்போது காற்று அடித்தால் வளையம் குண்டு மாதிரி தெறிக்கும். ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸ் மாட்டி, வளையத்துக்கு நேரே நிற்காமல் அடிக்க வேண்டும். கூண்டு இல்லாத இடத்தில் அந்த ரிம்மே வேண்டாம்.

இரண்டாவது வழி, இதற்கென்றே செய்த பண்ணை டயர்கள். 10.0/75-15.3, 11.5/80-15.3, 12.5/80-18 போன்ற அளவுகள் டிரெய்லருக்கென்று வருபவை. இன்னும் அகலமாக 400/60-15.5 என்று போனால் 2, 3 பார் காற்றிலேயே நல்ல பாரம் சுமக்கும். மண் மேல் மிதந்த மாதிரி போகும். எனக்குப் பிடித்தது இந்த வழி. வண்டி பாதி நேரமாவது உழுத நிலத்தில் இறங்குகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். குறை, ரோட்டில் வேகமாக ஓட்டினால் சூடாகும். டயரின் பக்கவாட்டில் பாரக் குறியீட்டு எண்ணும் வேக எழுத்தும் இருக்கும். எண் 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 120 என்றால் 1,400, 140 என்றால் 2,500. எழுத்து ஏ8 என்றால் 40 கி.மீ. வேகம் வரை. டயர் எத்தனை அடுக்கு என்பதை வைத்துப் பாரத்தை ஊகிப்பதைவிட இந்த எண்ணைப் படிப்பது நல்லது. 12 பி.ஆர். (அடுக்கு எண்) என்றால் உள்ளே உண்மையில் 12 அடுக்கு இருக்கிறது என்று பொருள் அல்ல, அது பழைய வலிமை அளவீட்டின் மிச்சம்.

மூன்றாவது வழி, கார் அச்சும் கார் சக்கரமும். அரை டன், முக்கால் டன் வண்டிக்கு இது அழகான தீர்வு. முன்சக்கரம் இழுக்கும் காரின் பின் அச்சை எடுத்தால், டிரம், ஷூ (டிரம்மின் உட்சுவரில் அழுத்திப் பிடிக்கும் கட்டை), ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் ஏற்கெனவே அதில் இருக்கும். ஆனால் கார் டயர் ஒன்று சுமப்பது பொதுவாக 400, 500 கிலோதான், பேரிங்கும் அந்த அளவுக்குத்தான். ‘தாங்குகிறதே’ என்று ஒன்றரை டன் ஏற்றிய வண்டிகள் ஸ்டப் (சக்கரம் மாட்டும் அச்சு முனை) வளைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரும்புச் சக்கரத்தைப் பற்றியும் கேட்பவர்கள் உண்டு. பஞ்சர் ஆகாது என்பது உண்மை. ஆனால் இரும்புப் பட்டா ரோட்டில் வழுக்கும், பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயன்படாது. பிரேக் போடப் போகிற வண்டிக்கு அது வழியே அல்ல.

எந்த வழியானாலும் டயரின் வயதைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பண்ணை வண்டியின் டயர் தேய்ந்து சாவதைவிட, வெயிலில் நின்று வெடித்துச் சாவதுதான் அதிகம்.

சக்கரமும் பிரேக்கும் சந்திக்கும் இடம்

ரிம் வாங்கும் முன் மூன்று அளவுகள் கையில் இருக்க வேண்டும்.

ஒன்று, டயரின் வெளி விட்டம். பிரேக் டிரம்மில் உண்டாகும் திருகு விசை, தரையில் பிடிக்கும் விசையாக மாறும்போது சக்கரத்தின் ஆரத்தால் வகுபடும். 75 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்துக்குப் பொருத்தமான டிரம்மை அப்படியே வைத்துக்கொண்டு 100 செ.மீ. சக்கரத்துக்கு மாறினால், பிடியில் கால் பங்கு போய்விடும். பெரிய சக்கரம் குழியில் இறங்காமல் உருளும், இழுக்க லேசாக இருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். அந்த லேசுக்கு ஈடாகப் பெரிய டிரம் வேண்டும். வண்டி முடிந்த பிறகு ‘சும்மா’ பெரிய டயருக்கு மாற்றுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

இரண்டு, ரிம்மின் உள் இடம். 12 அங்குல டிரம்முக்கு 15 அங்குல ரிம் வேண்டும், 10 அங்குல டிரம் 14 அங்குல ரிம்முக்குள் தாராளமாக உட்காரும். பாரம் அதிகம் என்று தெரிந்தும் 13 அங்குல ரிம்மைத் தேர்ந்தெடுத்தால், பிரேக்கையும் அப்போதே சிறிதாக்கிவிட்டீர்கள்.

மூன்று, ஸ்டட் (சக்கரத்தைப் பூட்டும் போல்ட்) வட்டமும் நடுத்துளையும். ஐந்து ஸ்டட் 140 மி.மீ. வட்டம், ஆறு ஸ்டட் 205 மி.மீ. வட்டம் என்பவை ஐரோப்பிய வகைப் பண்ணை அச்சுகளில் அடிக்கடி வருபவை. பெரிய லாரி அச்சு பத்து ஸ்டட், 335 மி.மீ. வட்டம். ஹப்பும் (அச்சு முனையில் சுற்றும் சக்கரக் குடம்) ரிம்மும் வேறு வேறு இடத்தில் வாங்கும்போது, துளையை ராவி நுழைத்து மாட்டுவது கூடவே கூடாது. நட்டின் உட்காரும் முகமும் பொருந்த வேண்டும். கூம்பு நட்டைத் தட்டையான துளையில் இறுக்கினால் முதலில் இறுகியது போல இருக்கும், பாரம் ஏறியதும் தளரும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ரிம்மின் குழிவு எந்தப் பக்கம் என்பது. ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகள் இருக்கின்றன, உட்பக்கம் இருப்பது பெரிது. சக்கரத்தின் நடுக்கோடு இரண்டுக்கும் நடுவில், உட்பக்கத்துக்கு நெருங்கி விழும்படி அச்சைச் செய்திருப்பார்கள். வண்டி அகலமாக நிற்கட்டும் என்று ரிம்மைத் திருப்பி மாட்டினால் பாரத்தின் பெரும்பகுதி வெளியே இருக்கும் சின்னப் பேரிங்கில் விழும். அது சூடாகும், கிரீஸ் உருகும், சீலைத் தாண்டி ஷூவில் ஏறும். கடைசியில் கெடுவது பிரேக். இந்தக் கோளாறைப் பிரேக்கில் தேடிக்கொண்டே இருப்பார்கள், காரணம் ரிம்மில் இருக்கும்.

பிரேக்: எது யாருக்கு

இதில் முதல் கேள்வி, வண்டியை ஒரே டிராக்டர் இழுக்கப் போகிறதா, பல டிராக்டர்களா என்பது. இரண்டாவது, ஆண்டில் எத்தனை மாதம் வண்டி சும்மா நிற்கும் என்பது. இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும்.

*தள்ளுவிசைப் பிரேக்.* டிராக்டர் வேகம் குறையும்போது வண்டி முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கியில் உள்ள நகரும் தண்டை அழுத்தி, கம்பி வழியாகவோ எண்ணெய் வழியாகவோ பிரேக்கைப் பிடிக்கும். டிராக்டரிலிருந்து ஒயர், ஹோஸ் எதுவும் வேண்டாம். இன்று ஒருவர் டிராக்டர், நாளை இன்னொருவர் டிராக்டர் என்று போகும் வண்டிக்கு இதைவிட எளிது கிடையாது. ஆனால் இது வண்டி டிராக்டரைத் தள்ளிய பிறகுதான் வேலை செய்யும். நாம் பயப்படும் அந்தத் தள்ளல் கொஞ்சம் எப்போதும் இருந்துகொண்டேதான் இருக்கும். நீண்ட இறக்கத்தில் டிராக்டரை கீழ் கியரில் போட்டு இறங்கினால், வண்டி முழு நேரமும் தள்ளும், பிரேக் முழு நேரமும் தேயும், டிரம் பழுக்கக் காயும். பின்னால் எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளும், அதற்கென்று தனி அமைப்போ பூட்டு ஊசியோ வேண்டும். மிதமான பாரம், குட்டையான சரிவுகள் என்றால் சரி. நீண்ட இறக்கம் உள்ள இடத்துக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

*எலெக்ட்ரிக் பிரேக்.* டிரம்முக்குள் ஒரு காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி இழுபடும், அதன் கை ஷூவை விரிக்கும். பத்து அங்குல வகை சுமார் 1,600 கிலோ அச்சுக்கும், 12 அங்குல வகை 3,200 கிலோவை ஒட்டிய அச்சுக்கும் பொருந்தும். ஒரு காந்தம் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் அளவு எடுக்கும். இரண்டு சக்கரத்துக்கு 6, நான்கு சக்கரத்துக்கு 12 ஆம்பியர். எந்த டிராக்டர் பேட்டரிக்கும் இது பெரிய சுமை அல்ல.

இதில் எனக்கு மிகவும் பிடித்த குணம், டிராக்டரின் பிரேக்கைத் தொடாமல் வண்டியை மட்டும் பிடிக்க முடிவது. இறக்கத்துக்கு முன்பே கையால் லேசாக அழுத்தி வைத்தால் வண்டி பின்னால் இழுபட்டு நேராக வரும், தள்ளவே தள்ளாது. கார்களுக்குச் செய்த தானியங்கிக் கன்ட்ரோலர் (பிரேக்குக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி), வேகக் குறைவை உணர்ந்து வேலை செய்வது. டிராக்டரின் குலுக்கலில் அது குழம்பும். கையால் நகர்த்தும் எளிய வகை டிராக்டருக்குப் போதும். பழைய டிராக்டர்களில் பிரேக் லைட் சுவிட்சே இருக்காது என்பதால் பல நேரம் வேறு வழியும் இல்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. சக்கரம் சுழன்றால்தான் காந்தம் வேலை செய்யும். ஆகவே நின்ற வண்டியை இது பிடித்து வைக்காது, தனி ஹேண்ட் பிரேக் வேண்டும். பின்னால் போகும்போது பிடி குறைவு. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டிரம் முகம் துருப்பிடிக்கும், எலி ஒயரைக் கடிக்கும். எர்த்துக்குக் கொக்கியை நம்புகிறவர்களுக்குப் பிரேக் விட்டு விட்டுத்தான் பிடிக்கும், கிரீஸும் துருவும் நடுவில் இருக்கின்றன. 4 சதுர மி.மீ. ஒயரில் எர்த்தையும் தனியாக இழுங்கள். சேறும் தண்ணீரும் தினமும் படும் இடமென்றால் எலெக்ட்ரிக்கைவிட அடுத்த வழி மேல்.

*ஹைட்ராலிக் பிரேக்.* டிராக்டரில் டிரெய்லர் பிரேக் வால்வு இருந்தால், மற்றதைப் படிக்காமல் இதையே போட்டுவிடலாம். பெடலை எவ்வளவு மிதிக்கிறீர்களோ அந்த அளவுக்கு வண்டியும் பிடிக்கும். ஒற்றை ஹோஸ் முறையில் அழுத்தம் 150 பார் வரை போகும், சின்ன சிலிண்டரே பெரிய விசை தரும். சேறு, தூசி, ஓய்வு மாதங்கள் எதுவும் இதைப் பெரிதாகப் பாதிக்காது.

பிரச்சினை, அந்த வால்வு இல்லாத டிராக்டர்களில்தான். அதை வைத்திருப்பவர்கள் டிப்பரை (பாரத்தைக் கொட்டச் சாய்க்கும் பெட்டியை) தூக்கும் எண்ணெய் லைனிலேயே பிரேக் சிலிண்டரை மாட்டிவிடுகிறார்கள். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்த லீவரைத் தட்டினால் 180, 200 பார் முழுவதும் ஒரே அடியாகப் பாயும். சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், லீவர் நடுவுக்கு வந்த பிறகும் எண்ணெய் உள்ளே சிக்கி, பிரேக் விடாமல் நிற்கும். பாரத்தோடு வளைவில் இது நடந்தால் வண்டி கவிழும். வால்வைத் தனியாக வாங்கிப் பொருத்த முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் வேறு வகைக்குப் போங்கள்.

இன்னொரு தவறு, கார் அல்லது லாரியின் வீல் சிலிண்டரில் டிராக்டர் எண்ணெயை விடுவது. காரின் பிரேக் ஆயிலுக்கான ரப்பர் சீல் வேறு, கனிம எண்ணெய்க்கான சீல் வேறு. மாற்றி ஊற்றினால் சீல் ஊறிப் பெருத்துச் சிக்கிக்கொள்ளும். முதல் வாரம் நன்றாக இருக்கும், அதுதான் இதில் ஏமாற்றம். ஒற்றை ஹோஸ் முறையில் ஹோஸ் அறுந்தால் பிரேக்கும் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

*ஏர் பிரேக்.* லாரி அச்சு கிடைத்தவர்களுக்கு இது கூடவே வருகிறது. 6 முதல் 8 பார் காற்றில் வேலை செய்யும். ஸ்பிரிங் சேம்பர் (உள்ளே ஸ்பிரிங் வைத்த பிரேக் குடுவை) உள்ள அச்சில் காற்று போனால் பிரேக் தானாகவே பிடிக்கும், நிறுத்தி வைக்கவும் அதுவே உதவும். பாதுகாப்பில் மற்ற மூன்றையும்விட இது ஒரு படி மேல். ஆனால் டிராக்டரில் கம்ப்ரசரும் டேங்கும் வேண்டும். டேங்கில் தேங்கும் தண்ணீரை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து, ஆறு டன்னுக்கு மேல், ரோட்டில் தினசரி ஓட்டம் என்றால் அந்தச் செலவும் வேலையும் தகும். அறுவடைக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்குத் தேவையில்லை. லாரி அச்சை வைத்துக்கொண்டு சேம்பரை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். சேம்பர் இருந்த இடத்தில் ஹைட்ராலிக் சிலிண்டரை வைத்து ஷூவை விரிக்கும் அதே கேம் தண்டைத் தள்ளச் செய்யலாம், அது நல்ல நடுவழி.

டிஸ்க் பிரேக் பற்றி ஒரு வரி: சேற்றிலும் கல்லிலும் ஓடும் வண்டிக்கு மூடிய டிரம்தான் சரி. தண்ணீரில் இறங்கி ஏறினால் மட்டும் இரண்டு மூன்று முறை லேசாகப் பிடித்து உலர்த்திக்கொள்ள வேண்டும்.

எந்த அச்சில் போடுவது

நான்கு சக்கர வண்டியில் ஒரு அச்சுக்குத்தான் பிரேக் என்றால் பின் அச்சுக்குப் போடுங்கள். முன் அச்சு திரும்புகிற அச்சு. அங்கே ஒரு பக்க ஷூ கொஞ்சம் முன்னால் பிடித்தாலும் இழுவைத் தண்டு அந்தப் பக்கம் வெட்டும், டிராக்டரின் பின்பக்கத்தையும் இழுக்கும். பின் அச்சில் பிடித்தால் வண்டி இழுபட்டு நேராக வரும். பழைய குதிரை வண்டிகளில்கூடக் கட்டை அழுத்தியது பின்சக்கரப் பட்டாவில்தான்.

இதற்கும் ஒரு விலை உண்டு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகி வழுக்கலாம். அதனால் பாரத்தை ஏற்றும்போது முன்னால் குவிக்காமல், பின் அச்சின் மேலும் நன்றாக உட்காரும்படி ஏற்ற வேண்டும். மொத்தம் 5 டன்னைத் தாண்டினால் இரண்டு அச்சிலும் போட்டு, முன்பக்கத்தைச் சற்றுத் தளர்வாக வைப்பேன்.

கொக்கி கழன்றால் என்ன ஆகும் என்பதும் இங்கேயே தீர வேண்டும். சங்கிலி ஒன்று கட்டாயம். எலெக்ட்ரிக் என்றால் வண்டியிலேயே சின்னப் பேட்டரியும், ஊசி இழுபட்டால் மின்சாரம் பாய்ச்சும் சுவிட்சும் வையுங்கள். தள்ளுவிசை வகையில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடும் கயிறு போதும்.

நான் என்ன தேர்ந்தெடுத்தேன்

என் இப்போதைய வண்டி நான்கு சக்கரம், பாரத்தோடு மூன்றரை டன். வயலும் ரோடும் பாதிப் பாதி, நடுவில் ஒரு நீண்ட இறக்கம். ஒரே டிராக்டர்தான் இழுக்கிறது, அதில் பிரேக் வால்வு இல்லை. ஆகவே 15 அங்குல ரிம்மில் அகலமான பண்ணை டயர், பின் அச்சில் 12 அங்குல எலெக்ட்ரிக் டிரம், கையால் நகர்த்தும் கன்ட்ரோலர், தனிக் கேபிளில் ஹேண்ட் பிரேக். அந்த வால்வு இருந்திருந்தால் ஹைட்ராலிக்கைத்தான் எடுத்திருப்பேன். வண்டியை அக்கம்பக்கத்தவர்களும் தங்கள் டிராக்டரில் மாட்டுவார்கள் என்றால் தள்ளுவிசைப் பிரேக்கைப் போட்டுவிட்டு, அந்த இறக்கத்தில் பாதிப் பாரத்தோடு போகச் சொல்லியிருப்பேன்.

மாட்டும்போது பேரிங் நட்டை, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் எவ்வளவு இறுகுமோ அவ்வளவில் நிறுத்தி ஸ்ப்ளிட் பின் போட்டேன். ஷூவைச் சக்கரம் சுற்றாத அளவுக்கு விரித்து, லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கும் வரை திரும்பத் தளர்த்தினேன். ஹப்பில் கிரீஸை நிரப்பித் தள்ளவில்லை, மிஞ்சியது ஷூவுக்குத்தான் போகும்.

முதல் நாள் பாரம் இல்லாமல் இருபது, முப்பது முறை லேசாகப் பிடித்துப் பிடித்து லைனிங்கை டிரம்மோடு படிய வைத்தேன். அப்புறம் அரைப் பாரத்தோடு சமதரையில் நிறுத்திப் பார்த்து, பூட்டிக்கொள்ளும் நிலைக்குச் சற்றுக் கீழே கன்ட்ரோலரை வைத்தேன். முழுப் பாரத்தோடு முதல் தடவை போய் வந்ததும் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மறுபடி இறுக்கினேன். இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது. நான்கு ஹப்பையும் கையால் தொட்டுப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. பின் இடது பக்கம் கை வைக்க முடியவில்லை. ஷூ இன்னும் இறுக்கம் என்று தெரிந்து, சரிசெய்யும் பற்சக்கரத்தை இரண்டு பல் தளர்த்திவிட்டு அந்த இறக்கத்தில் மறுபடி இறங்கிப் பார்த்தேன்.